தலைவாசல் கரிசலும் புதிய கொண்டைக்கடலை ரகங்களும்

சேலம் மாவட்டத்துத் தலைவாசலுக்குப் பக்கத்தில், மக்காச்சோளம் எடுத்த கரிசல் கலந்த நிலத்தில், டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மானாவாரியாகக் கொண்டைக்கடலை விதைத்ததாகவும், பூக்கும் வரை செழிப்பாக நின்ற பயிர் பிப்ரவரி பிற்பாதியில் காய் பிடிக்கும் தறுவாயில் திட்டுத்திட்டாகக் காய்ந்துபோனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விதைக்கடையில் அதை வாடல் நோய் என்று சொல்லி, நவீன மரபியல் முறையில் உருவான, வாடலைத் தாங்கும் ரகங்கள் வந்துவிட்டதாகவும் கூறியிருக்கிறார்கள். அந்த ரகங்கள் மரபணு மாற்றப்பட்டவையா, அவற்றை விதைத்தால் அடுத்த பட்டத்தில் பயிர் தப்புமா, ஏற்காட்டில் உங்கள் மைத்துனர் காப்பித் தோட்டத்தை ஒட்டி வைத்திருக்கும் ஒரு ஏக்கரிலும் அவற்றைப் போடலாமா என்பவை உங்கள் கேள்விகள். பயறுவகைப் பயிர்களில் ரகம் உருவாக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்துவிட்டு இப்போது சேலத்தில் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கான விடை சுருக்கமானது: அவை மரபணு மாற்றப்பட்டவை அல்ல. காய்த்துளைப்பான் புழுவைக் கொல்லும் பிடி (Bt) என்ற பாக்டீரியா மரபணுவைக் கொண்டைக்கடலைக்குள் புகுத்தும் ஆய்வுகள் நம் நாட்டில் நீண்டகாலமாக நடந்துவந்தாலும், அப்படி உருவான விதை எதுவும் விவசாயியின் வயலுக்கு வரவில்லை. கடைக்காரர் குறிப்பிட்ட ரகங்கள், ஒரு கொண்டைக்கடலைச் செடியை இன்னொரு கொண்டைக்கடலைச் செடியோடு கலந்து, பழைய முறையில் பிறந்தவை. பிறந்த பிள்ளைகளில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற இடத்தில்தான் மரபியல் உள்ளே வருகிறது.

கலப்பு என்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். கொண்டைக்கடலைப் பூ விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் கருவுற்றுவிடும். ஆகவே அதற்கு முந்திக்கொண்டு, அரிசி மணியைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் மொட்டை இடது கையின் இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து, படகு போல மடிந்திருக்கும் இதழை ஊசிமுனை இடுக்கியால் கிழித்து, உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பைகளையும் சூலகத்தில் கீறல் படாமல் எடுத்துவிட வேண்டும். பிறகு தகப்பன் செடியின் அன்றைய பூவிலிருந்து மஞ்சள் தூளை எடுத்துச் சூல்முடியில் தொட்டு, நிறநூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் பெரும்பாலான மொட்டுகள் இரண்டொரு நாளில் உதிர்ந்துவிடும். நிற்கும் காயிலும் ஒரு விதை, மிஞ்சினால் இரண்டு விதை. காலை முழுவதும் குனிந்திருந்து எழுந்தால் விரல் நுனி புளிக்கும், ஏனென்றால் இந்தச் செடியின் இலையும் தண்டும் மாலிக் அமிலத்தை வியர்வை போலக் கசியவிடுகின்றன. அந்தப் புளிப்பு கூடுதலாக உள்ள செடிகளைக் காய்த்துளைப்பான் ஓரளவு தவிர்க்கிறது என்பது கூடுதல் செய்தி.

இவ்வளவு அரிதாகக் கிடைத்த விதைகளை வளர்த்து, அடுத்த தலைமுறையில் ஆயிரக்கணக்கான செடிகளாக்கி, அவற்றில் வேண்டிய குணம் வந்த செடி எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் முன்பெல்லாம் ஆண்டுகள் கரைந்தன. நோய் தாங்குவதைப் பார்க்க நோய் ஏறிய மண்ணிலேயே விதைத்துச் சாவதும் பிழைப்பதும் எது என்று காத்திருக்க வேண்டும். வறட்சி தாங்குவதைப் பார்க்க வறட்சி வர வேண்டும். வேரைப் பார்க்கவோ செடியையே தோண்டியெடுத்துக் கொன்றாக வேண்டும். இப்போது இருபது நாள் நாற்றின் ஓர் இலைத்துணுக்கு போதும், அதிலுள்ள டிஎன்ஏவைப் படித்துவிடலாம். கொண்டைக்கடலைக்கு எட்டு இணைக் குரோமோசோம்கள், ஏறத்தாழ 74 கோடி எழுத்துகள் (டிஎன்ஏவின் அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்), ஏறத்தாழ 28,000 மரபணுக்கள். கனடாவின் ஒரு வெள்ளைக் கடலை ரகத்தை வைத்து இந்த எழுத்து வரிசையின் முதல் வரைவு 2013இல் வெளியானது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அதை முன்னின்று நடத்தியது. 2021இல் வெளியான இன்னொரு பெரிய வேலையில், பயிரிடப்படுபவையும் காட்டு இனங்களுமாக 3,366 வகைகளின் வரிசை படிக்கப்பட்டது. இத்தனை வகைகளை ஒப்பிடும்போது எந்த இடத்தில் எழுத்து மாறினால் எந்தக் குணம் மாறுகிறது என்பதற்குத் தடயங்கள் கிடைக்கின்றன. அந்தத் தடயங்களைத்தான் மார்க்கர் என்கிறோம்.

உங்களிடம் சொல்லப்பட்ட வாடல் தாங்கும் ரகம், என் ஊகத்தில், சூப்பர் அண்ணிகேரி 1ஆக இருக்கலாம். கர்நாடகத்தின் தார்வாடு பகுதியில் அண்ணிகேரி என்றோர் ஊர் உண்டு. அதன் பெயரைத் தாங்கிய அண்ணிகேரி 1 என்ற பழைய ரகம் அங்கே விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் பிடித்தமானது, ஆனால் வாடலுக்கு எளிதில் பலியாவது. டபிள்யூஆர் 315 என்ற மற்றொரு வகை வாடலைத் தாங்கும், ஆனால் வேறு எதற்கும் யாரும் அதை விரும்பி விதைக்கமாட்டார்கள். இரண்டையும் கலந்தால் பிள்ளையிடம் இரண்டின் குணமும் பாதிப் பாதி. அந்தப் பிள்ளையை மறுபடி அண்ணிகேரியோடு கலந்தால் அண்ணிகேரியின் பங்கு சராசரியாக 75 விழுக்காடு, இன்னொரு முறை கலந்தால் 87.5, மூன்றாம் முறை 93.75. இதற்குப் பின்கலப்பு என்று பெயர். ஒவ்வொரு சுற்றிலும் பிறக்கும் நாற்றுகளில் வாடல் தாங்கும் துண்டு எதில் இருக்கிறது, மிச்சப் பகுதியில் அண்ணிகேரி எதில் அதிகம் திரும்பி வந்திருக்கிறது என்ற இரண்டையும் மார்க்கர் காட்டிவிடுவதால், குருட்டாம்போக்கில் ஆறேழு சுற்று கலக்க வேண்டியதில்லை. ராய்ச்சூர் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும் இக்ரிசாட்டும் சேர்ந்து உருவாக்கிய அந்த ரகம் 2019இல் வெளியானது. தாய் ரகத்தைவிட அதன் விளைச்சல் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல். ஏழு விழுக்காடு என்பதைக் கேட்டு யாரும் துள்ளிக் குதிக்கமாட்டார்கள். வாடல் ஏறிய வயலில் கிடைக்கும் பலன்தான் அதன் உண்மையான மதிப்பு. மணியின் வடிவமும் நிறமும் மாறாததால் மண்டியில் விலை குறையவில்லை என்பதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நம் ஊர்ப் பொட்டுக்கடலை வறுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மணியின் அளவு சீராக இல்லாவிட்டால் வறுவலில் ஒன்று கருகும், ஒன்று வேகாது என்பார்கள்.

இனி, உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரிக்கு வருகிறேன்: "பிடுங்கிப் பார்த்தால் வேர் பாதியில் ஒடிந்து மேல்பகுதி மட்டும் கையோடு வந்தது." எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. உங்கள் பயிரைக் கொன்றது பியூசேரியம் பூசணத்தால் வரும் வாடல் நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. வாடல் தாக்கிய செடி பெரும்பாலும் ஒரு மாதப் பயிராக இருக்கும்போதே தலை தொங்கும். இலை பச்சை மாறாமலே துவளும். பிடுங்கினால் வேர் முழுசாக வரும். தண்டை அடியிலிருந்து பிளேடால் நெடுகப் பிளந்தால் நடுவே பழுப்பும் கறுப்புமாக ஒரு கோடு ஓடும், நீர் ஏறும் குழாய்களைப் பூசணம் அடைத்துவிட்டதன் அடையாளம் அது. பிந்தி வரும் வாடலும் உண்டு என்பதால் நாள் கணக்கை மட்டும் நம்பக் கூடாது, பிளந்து பார்த்தே தீர வேண்டும். உங்கள் வயலில் நடந்ததோ, நீங்கள் சொன்ன அடையாளங்களின்படி, உலர் வேரழுகல். செடி தலை சாயாமல் நின்றவாக்கிலேயே வைக்கோல் நிறமாகும். பக்க வேர்கள் உதிர்ந்து, ஆணிவேர் காய்ந்த குச்சியைப் போல முறியும். முறிந்த இடத்தின் பட்டையை நகத்தால் உரித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கரித்தூள் தூவியதைப் போலச் சிறு புள்ளிகள் தெரியும். இதன் பூசணம் வேறு, அதற்குப் பிடித்த காலமும் வேறு. மண்ணில் ஈரம் வற்றி, வெயில் 30 டிகிரிக்கு மேல் ஏறி, செடி காய்க்குச் சத்தை அனுப்பிக் களைத்திருக்கும் நேரத்தில் அது கைவரிசையைக் காட்டும்.

இந்தத் தவற்றைச் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் நானே செய்தது அது. வேலையில் சேர்ந்த புதிதில், நோய்ப் பாத்தியில் மூன்று பட்டமாக வாடலுக்குத் தப்பிய ஒரு வரிசையை, பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவரின் நிலத்தில் கால் ஏக்கருக்கு விதைக்கக் கொடுத்தேன். அவரும் வேறு பயிரால் தாமதமாகி டிசம்பர் நடுவில்தான் விதைத்தார். மாசி மாதத்தில் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், காய்ந்த செடிகள் ஒரு கைப்பிடியை வரப்பில் போட்டு, "வாடாதுன்னு சொன்னீங்களே, வாடலைதான், நேரா நின்னே செத்துப்போச்சு" என்றார். அந்தப் பேச்சில் இருந்த கேலியைவிட, இரண்டு நோயின் வேறுபாட்டை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பதுதான் இன்றும் நினைவில் இருக்கிறது.

வாடலுக்கு மார்க்கர் கைகொடுத்ததைப் போல உலர் வேரழுகலுக்கு ஏன் கைகொடுக்கவில்லை என்று கேட்கலாம். வாடலைத் தாங்கும் குணம் பெரும்பாலும் ஓரிரண்டு பெரிய மரபணுக்களின் வேலை. அவை இருக்கும் துண்டைப் பிடித்து நகர்த்தினால் குணமும் கூடவே நகரும். உலர் வேரழுகலை முழுமையாகத் தாங்கும் வகை கொண்டைக்கடலைச் சேகரிப்புகளில் கிடைப்பதே அரிது. கிடைக்கும் ஓரளவு தாங்குதிறனும் பல சிறு மரபணுக்களின் கூட்டு விளைவு. இப்படிப்பட்ட குணங்களுக்கு, ஆயிரக்கணக்கான மார்க்கர்களை ஒருசேரப் படித்து ஒவ்வொரு செடிக்கும் மதிப்பெண் போடும் முறை ஒன்று வளர்ந்துவருகிறது. அது நல்ல முறைதான். ஆனால் அந்த மதிப்பெண்ணைச் சரியாகப் போட வேண்டுமானால், முதலில் யாராவது நூற்றுக்கணக்கான வகைகளைச் சூடான, காய்ந்த மண்ணில் வளர்த்து எது எத்தனை விழுக்காடு செத்தது என்று ஒழுங்காக எண்ணியிருக்க வேண்டும். எழுத்தைப் படிக்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வர, வயலில் எண்ணும் ஆள்தான் குறைந்துகொண்டே போகிறார் என்பது என் பழைய மனக்குறை.

ஆகவே உங்கள் நிலத்துக்கு நான் பார்ப்பது நோயைத் தாங்கும் ரகத்தைவிட, நோய் வரும் காலத்துக்கு முன்பே வீடு வந்து சேரும் ரகம். இதற்கு ஆந்திரத்தைப் பார்க்கலாம். கொண்டைக்கடலை குளிர்கால வடநாட்டுப் பயிர் என்று எண்ணியிருந்த காலத்தில், 1990களுக்குப் பிறகு பிரகாசம், கர்னூல், அனந்தபூர் மாவட்டங்களின் கரிசலில் அது வேகமாகப் பரவியது. காரணம் குறுகிய கால ரகங்கள்: ஏறத்தாழ 85 நாளில் முற்றும் ஐசிசிவி 2 என்ற வெள்ளைக் கடலை, 1999இல் வந்த, 95 முதல் 100 நாளில் முற்றும் ஜேஜி 11 போன்றவை. இவை மார்க்கர் புழக்கத்துக்கு வருமுன் கண்ணாலும் கையாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் பூப்பதன் மரபியல் பிறகுதான் புரிந்தது. கொண்டைக்கடலை நீண்ட பகலில் விரைந்து பூக்கும் பயிர். குளிர்காலத்தின் குறுகிய பகல் அதைத் தாமதப்படுத்தும். ஐசிசிவி 96029 என்ற மிக முந்திப் பூக்கும் வகையில், பகலின் நீளத்தை உணர உதவும் ஒரு மரபணுவில் 11 எழுத்துகள் மட்டும் விடுபட்டிருக்கின்றன. அந்தப் பதினோரு எழுத்துகள் இல்லாததால் செடி பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல், பட்டான்செருவில் ஒரு மாதத்துக்குள் பூத்துவிடுகிறது. 74 கோடியில் பதினொன்று! நீண்ட பகலில் விரையும் அதே இயல்பைத் திருப்பிப் பயன்படுத்தி, அறைக்குள் நாளுக்கு 22 மணி நேரம் விளக்கெரித்து ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கும் முறையும் இப்போது வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒன்று எடுத்த எங்களுக்கு அது பொறாமையூட்டும் செய்தி.

வறட்சி தாங்கும் ரகங்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐசிசி 4958 என்ற வகையின் நான்காம் குரோமோசோமில் உள்ள ஒரு துண்டு, வேர் வளர்ச்சி உட்படப் பல குணங்களை ஒரே இடத்தில் பிடித்துவைத்திருக்கிறது. சில குணங்களில் செடிக்குச் செடி காணும் வேறுபாட்டில் 58 விழுக்காடு வரை அந்த ஒரு துண்டாலேயே விளக்க முடிந்தது. பயிர் மரபியலில் இது மிகப் பெரிய எண். பூசா 372 என்ற ரகத்தில் அந்தத் துண்டை ஏற்றி வந்ததுதான் பூசா கொண்டைக்கடலை 10216. ஈரம் குறைந்த நிலையில் தாய் ரகத்தைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுதலாக விளைந்தது. ஆனால் அது மத்திய இந்தியப் பகுதிக்கென வெளியிடப்பட்டது. முற்றுவதற்கு ஏறத்தாழ 110 நாள். நீங்கள் டிசம்பர் நடுவில் அதை விதைத்தால் ஏப்ரல் முதல் வாரத்தில் சேலத்து வெயிலில் அறுவடைக்கு நிற்பீர்கள். 35 டிகிரிக்கு மேல் போனால் கொண்டைக்கடலையின் மகரந்தமே உயிர்ப்பை இழக்கத் தொடங்கும். பூ இருக்கும், காய் இருக்காது. அதோடு, அந்தத் துண்டின் உதவி ஆழ்ந்த வேரைவிட ஆரம்ப வளர்ச்சியின் வேகத்தோடுதான் அதிகம் தொடர்புடையது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆரம்பத்தில் வேகமாக வளரும் செடி ஈரத்தையும் வேகமாகக் குடிக்கும். மூன்றடி ஆழம் ஈரம் பிடித்துவைக்கும் கரிசலில் அது லாபம். ஓரடிக்குக் கீழே சுண்ணாம்புக் கல் தட்டும் செம்மண்ணில் அதே குணம் நட்டத்தில் முடியலாம். மண்வெட்டி எடுத்து உங்கள் நிலத்தில் இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் சேருகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியது என்று கேட்டால், ஜேஜி 11 போன்ற ஒரு குறுகிய கால ரகத்தை, அல்லது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4ஐ, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவுக்குள் விதைத்துவிடுங்கள். அப்போது பூ டிசம்பர் குளிரில் வரும். பிப்ரவரி வெயில் ஏறுமுன் களத்துக்கு வந்துவிடும். மக்காச்சோளம் டிசம்பருக்கு முன்பு நிலத்தை விடாது என்றால், அந்த வயலில் கொண்டைக்கடலையைக் கைவிடுவதுதான் நல்லது. எந்த மரபணுவும் ஒரு மாதத் தாமதத்தை ஈடுகட்டாது. உலர் வேரழுகல் பூசணம் சோளம், எள், பாசிப்பயறு என்று பலவற்றிலும் தங்கும் என்பதால், பயிர் மாற்றி விதைப்பதால் மட்டும் அதை ஒழிக்க முடியாது. விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தோடு கிலோவுக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைப்பது ஓரளவு உதவும். காய் பிடிக்கும்போது ஒரே ஒரு உயிர்த்தண்ணீர் கொடுக்க வழியிருந்தால் அது அதைவிட அதிகம் உதவும்.

மலையிலுள்ள நிலத்துக்கு வேண்டாம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்; வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் டிசம்பர் வரை இலையை ஈரமாகவே வைத்திருக்கும், காப்பி விரும்பும் அந்த அமிலத்தன்மை மிகுந்த மண்ணைக் கொண்டைக்கடலையும் அதன் வேர் முடிச்சுப் பாக்டீரியாவும் விரும்பாது. செடி தழைத்துக் கொடி போல ஓடும், சாம்பல் பூசணம் பூவைத் தின்றுவிடும். மைத்துனர் பச்சைப் பட்டாணியோ பீன்ஸோ போடட்டும்.

விதை வாங்குவதைப் பற்றி ஒன்று. "ஹைபிரிட் கொண்டைக்கடலை" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மொட்டுக்குள்ளேயே கருவுறும் பயிரில் ஏக்கர் கணக்குக்கு வீரிய ஒட்டு விதை எடுப்பது இயலாது என்பது மேலே சொன்ன இடுக்கி வேலையிலிருந்தே விளங்கும். மார்க்கர் வழியாக வந்த ரகமும் சாதாரண ரகமும் தூய வரிசைகள்தான், ஆகவே சான்று பெற்ற நீல அட்டை விதையை ஒருமுறை வாங்கினால் இரண்டு மூன்று பட்டம் உங்கள் சொந்த விதையையே பயன்படுத்தலாம். நான் சொன்ன கறுப்புக் கடலை ரகங்கள் இளஞ்சிவப்புப் பூ பூப்பவை. டிசம்பரில் ஒரு காலை வரப்பில் நடந்து, நடுவே வெள்ளைப் பூவோடு நிற்கும் செடிகளைக் கலப்படம் என்று எடுத்துக்கொண்டு காய் பிடிக்குமுன் பிடுங்கிவிடுங்கள்.